குறைந்த பட்ஜெட்டில் ஸ்பாட்டிங் ஸ்கோப்: நம்மூர்க் கானலுக்கு எது தாங்கும்?

பறவை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் பைனாகுலர் போதவில்லை என்று தோன்றும் நாள் ஒன்று வரும். கோடியக்கரை உப்பளத்தில் முந்நூறு மீட்டர் தள்ளி உள்ளான் கூட்டம் நிற்கும். 10×42 (10 மடங்குப் பெருக்கம், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலரில் அது அசையும் பழுப்புப் புள்ளிகள்தான். எது கொசு உள்ளான், எது வளைமூக்கு உள்ளான், எதன் காலில் வளையம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க 25 முதல் 40 மடங்கு வரை பெருக்கம் வேண்டும். அந்தப் பெருக்கத்தில் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. ட்ரைபாடில் நிற்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கியான ஸ்கோப்தான் வழி. குழப்பம் தொடங்குவது இதற்குப் பிறகு. முன் லென்ஸின் விட்டம் 65 மி.மீ. உள்ளதை வாங்கலாமா, 80 வாங்கலாமா? சின்னதாக ஒரு 50 போதுமா? பாதி விலையில் கிடைக்கும் வானியல் தொலைநோக்கி ஆகாதா? அந்தப் பணத்தை ஜூம் கேமராவில் போட்டால் படமும் கிடைக்குமே?

சந்தையில் உள்ள மலிவு ஸ்கோப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க வேட்டைக்காரர்களையும் துப்பாக்கி சுடும் பயிற்சியில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. விடியலிலும் அந்தியிலும், குளிர்ந்த மலைக் காற்றில், எதிர்ச் சரிவில் நிற்கும் மானின் கொம்பை எடைபோடுவது அவர்கள் வேலை. நூறு கஜத்துக்கு அப்பால் அட்டையில் குண்டு எங்கே பட்டது என்று பார்ப்பது இன்னொன்று. இணையத்தில் வரும் மதிப்புரைகளும் அந்தக் கண்ணோடுதான் எழுதப்படுகின்றன. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. நம் பயன்பாடு சேற்றுப்பரப்பு, உப்பளம், ஏரி, கடற்கரை. நம் நேரம் பாதி வெயிலில் கழிகிறது. மங்கிய வெளிச்சத்துக்காக அவர்கள் பெரிய லென்ஸ் கேட்பது நியாயம். அதே காரணத்துக்காக நாம் அதிகப் பணம் கொடுத்து, அதிக எடை சுமக்க வேண்டியதில்லை.

கீழே உள்ள கணக்கு மொத்தம் சுமார் நாற்பதாயிரம் ரூபாய் செலவழிக்கத் தயாராக இருப்பவரை வைத்துப் போடப்பட்டது. அந்தத் தொகைக்குள் ஸ்கோப், ட்ரைபாட், அதன் உச்சியில் ஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் ஹெட், ஈரம் புகாத பெட்டி எல்லாம் அடங்க வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

கானல். இதுதான் முதல் அளவுகோல், ஆனால் எந்தப் பெட்டியிலும் அச்சிட்டிருக்க மாட்டார்கள். வெயில் ஏறியதும் சேறும் மணலும் உப்புப் பாத்தியும் சூடாகி, தரையை ஒட்டிய காற்று நெளியத் தொடங்கும். காலை ஒன்பது மணிக்கு மேல் 60 மடங்கில் பார்த்தால் பறவை தண்ணீருக்குள் நிற்பதுபோல் ஆடும். அதே பறவை 25 மடங்கில் தெளிவாக நிற்கும். ஸ்கோப்பில் குறையில்லை, காற்றில்தான். காற்றைச் சரிசெய்ய எந்தக் கண்ணாடியாலும் ஆகாது.

லென்ஸ் அளவும் பெருக்கமும். ஒரு லென்ஸ் எவ்வளவு நுணுக்கம் காட்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 116-ஐ லென்ஸின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால், பிரித்துக் காட்டக்கூடிய மிகச்சிறிய கோணம் விகலைக் கணக்கில் (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு விகலை) கிடைக்கும். 65 மி.மீ. லென்ஸுக்கு அது சுமார் 1.8 விகலை, 80 மி.மீ. லென்ஸுக்கு 1.45. முந்நூறு மீட்டர் தூரத்தில் முதலாவது 2.6 மி.மீ. இடைவெளியையும் இரண்டாவது 2.1 மி.மீ. இடைவெளியையும் பிரித்துக் காட்டும். வித்தியாசம் அரை மில்லிமீட்டர், அதுவும் காற்று அசையாமல் இருந்தால். நல்ல பார்வையுள்ள கண் சுமார் 60 விகலையைப் பிரிக்கும். அப்படியானால் 65 மி.மீ. லென்ஸ் தரும் நுணுக்கம் ஏறக்குறைய 33 மடங்கிலேயே கண்ணுக்கு வந்துவிடுகிறது. கொஞ்சம் வசதியாகப் பார்க்க 40, 45 வரை போகலாம். அதற்கு மேல் திருகினால் படம் பெரிதாகும், விவரம் கூடாது.

கண்ணுக்கு வரும் ஒளிவட்டம். லென்ஸ் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் ஐபீஸிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் பகுதி) வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 2 மி.மீ. இருந்தால் பார்க்கச் சுகம். 1.5-க்குக் கீழே போனால் படம் மங்கும். கண்ணுக்குள் மிதக்கும் தூசியெல்லாம் பறவைக்கு முன்னால் நீந்தும். 65 மி.மீ. ஸ்கோப் 30 மடங்கில் 2.2 மி.மீ. தரும், 48 மடங்கில் 1.35. 80 மி.மீ. ஸ்கோப் 40 மடங்கில் 2 மி.மீ., 60 மடங்கில் 1.33.

கண்ணாடி போடுபவர். ஐபீஸின் கடைசி லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற அளவு 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மலிவு ஜூம் ஐபீஸ்களில் பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட இந்த இடைவெளி மாறும். விவரப் பட்டியலில் ஒரே எண் போட்டிருந்தால் நம்பாமல் கண்ணாடியோடு நேரில் பார்த்து வாங்க வேண்டும்.

சுமக்கும் மொத்த எடை. ஸ்கோப்பின் எடையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அந்த ஸ்கோப்பை ஆடாமல் தாங்கும் ட்ரைபாடின் எடையும் சேர்ந்ததுதான் கணக்கு.

நனைதலும் பூஞ்சையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வலசைப் பறவைகள் வரும் காலமும் அதுவே. உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த ஸ்கோப்பா, இல்லையா என்பது இங்கே ஆடம்பரக் கேள்வி அல்ல.

## ஒரே பார்வையில்

| | 65 மி.மீ. சாய்வு ஸ்கோப் | 80 மி.மீ. ஸ்கோப் | 50 மி.மீ. சிறிய ஸ்கோப் | 70 மி.மீ. வானியல் தொலைநோக்கி | ஜூம் கேமரா |
|---|---|---|---|---|---|
| வழக்கமான பெருக்கம் | 16–48 | 20–60 | 12–36 | 20, 40 | கண்ணால் பார்ப்பதைப்போல் 40 வரை |
| எடை (ட்ரைபாட் இல்லாமல்) | 1.1–1.3 கிலோ | 1.6–1.9 கிலோ | 0.6–0.8 கிலோ | சுமார் 1 கிலோ | 1 கிலோ |
| தேவைப்படும் ட்ரைபாட் | சுமார் 2 கிலோ | 2.5–3 கிலோ | 1.3–1.5 கிலோ | கூட வருவது போதாது | பல நேரம் தேவையில்லை |
| மழை | அடைத்த மாடல்கள் உண்டு | உண்டு | உண்டு | தாங்காது | தாங்காது |
| நாலு பேர் மாறி மாறிப் பார்க்க | மிக வசதி | வசதி | வசதி | சுமார் | திரையில் மட்டும் |
| எங்கே தோற்கும் | அந்தி வெளிச்சம் | நீண்ட நடை | தூரத்துக் கடல் பறவை | ஈரம், தூசி | கூட்டத்தை அலசித் தேடுவது |

## 65 மி.மீ. சாய்வு ஸ்கோப்

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பதில். 16-இல் தொடங்கும் பெருக்கம் கூட்டத்தை அலச உதவும், 30–40 காலை வெளிச்சத்தில் அடையாளம் காண உதவும். 48 என்பது மழை விட்ட, குளிர்ந்த, மேகமூட்டமான நாளுக்கு. செலஸ்ட்ரான், வோர்டெக்ஸ் இரண்டிலும் இந்த அளவில் மாடல்கள் உண்டு. செலஸ்ட்ரானின் அல்டிமா 65 அடிப்படை வகை. அதே நிறுவனத்தின் ரீகல் 65, நிறங்களைக் குறைவாகச் சிதறவிடும் ஈடி கண்ணாடியோடு வருகிறது.

இந்த ஈடி என்ற இரண்டெழுத்துக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை. சாதாரணக் கண்ணாடியில் வெவ்வேறு நிறங்கள் வெவ்வேறு இடத்தில் குவியும். வெள்ளைக் கொக்கின் விளிம்பில் ஊதாக் கோடும், கரும்பறவையின் விளிம்பில் மஞ்சள்-பச்சைக் கோடும் தெரிவது அதனால்தான். கடற்கரையில் நாம் பார்ப்பதில் பாதி, வெள்ளைப் பறவை பளிச்சென்ற வானத்துக்கு எதிரே நிற்கும் காட்சி. ஆலாக்களின் அலகு நிறம் சிவப்பா, ஆரஞ்சா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் இந்த விளிம்பு நிறம் ஏமாற்றிவிடும். ஒரே விலையில் ஈடி உள்ள 65-ம் ஈடி இல்லாத 80-ம் இருந்தால் தயங்காமல் 65-ஐ எடுக்கலாம்.

நேர் ஸ்கோப்பா, 45 பாகை சாய்வா? சாய்வுதான். குட்டையாக நிற்கும் ட்ரைபாடில் உயரமானவரும் குட்டையானவரும் குழந்தையும் மாறி மாறிக் குனிந்து பார்க்கலாம். ட்ரைபாடை ஏற்றி இறக்க வேண்டாம். ட்ரைபாட் குட்டையாக நின்றால் ஆட்டமும் குறையும். முதல் வாரம் பறவையை வட்டத்துக்குள் கொண்டுவர முடியாமல் எரிச்சல் வரும். ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை ஸ்கோப்பின் முன் முனையில் இறுக்கிக் கட்டி, அதன் முளை மேலே நிற்கும்படி வெட்டி, அதை வைத்துக் குறிபார்த்தால் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். நேர் ஸ்கோப் பொருந்துவது ஒரே இடத்தில்: கார் கண்ணாடியில் கவ்வியை மாட்டி உள்ளே உட்கார்ந்தபடி பார்ப்பவருக்கு.

மறைந்திருக்கும் செலவு: மலிவு 65-களில் ஜூம் ஐபீஸின் தாழ்ந்த முனையில் பார்வைப் பரப்பு குறுகலாக, குழாய் வழியே பார்ப்பதுபோல் இருக்கும். ஐபீஸ் கழற்றக்கூடியதா என்று கேட்க வேண்டும். 1.25 அங்குல வானியல் ஐபீஸ் பொருந்தும் மாடல் என்றால், பின்னால் 25–30 மடங்கு தரும் அகலப் பார்வை ஐபீஸ் ஒன்றைச் சில ஆயிரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். படத்தின் தரத்தில் அது புது ஸ்கோப் வாங்கியதற்குச் சமம்.

## 80 மி.மீ.

65-ஐவிட ஒன்றரை மடங்கு ஒளி உள்ளே வரும். மாலை ஆறு மணிக்குக் கூடடைய வரும் பறவைகளை எண்ணும்போது அது தெரியும். நீண்ட தூரத்தில் அசையாமல் நிற்கும் பறவையின் கால்பட்டையில் எழுத்துப் படிக்க வேண்டியவருக்கும் இது உதவும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. உள்ளான்களின் காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த வண்ணப் பட்டைகள் இருக்கும். அவற்றைப் படித்துப் பதிவு செய்வது யாருடைய முக்கிய வேலையோ, அவர் 80 வாங்கட்டும்.

மற்றவர்கள் ஒரு முறை கணக்குப் போட வேண்டும். ஸ்கோப் முக்கால் கிலோ கூடினால் ட்ரைபாட் முக்கால் கிலோ கூடும். 65-க்கு மூன்றேகால் கிலோவில் முடிந்தது, 80-க்கு நாலரை கிலோவைத் தாண்டும். பையில் தண்ணீரும் பைனாகுலரும் சேர்ந்தால், கடற்கரை மணலில் மூன்று கிலோமீட்டர் நடக்கிறவர் மறுவாரம் ஸ்கோப்பை வீட்டில் விட்டுவிட்டு வருவார். இரண்டாம் கையாக வரும் 80-கள் அநேகமாக இப்படி வீட்டில் விடப்பட்டவைதான்.

இன்னொரு சிக்கல், மலிவு 80-இல் பணம் கண்ணாடியின் அளவுக்குப் போகிறது, தரத்துக்கு மிஞ்சுவதில்லை. 60 மடங்கில் மிருதுவான, ஊதா விளிம்போடு கூடிய படம் வரும். ஆகவே 40-க்கு மேல் யாரும் திருக மாட்டார்கள். அந்த 40-ஐ நல்ல 65-ம் கொடுத்துவிடும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து நூறு அடி நடந்தால் போதும் என்ற இடங்களுக்கு, கூந்தன்குளம் கரை மாதிரி, 80-இன் எடை பொருட்டில்லை.

## 50 மி.மீ.

பயணத்துக்கு, மலைக்கு, முதுகுவலிக்காரருக்கு. 12–36 வகை ஸ்கோப்பில் 12 மடங்கில் ஆயிரம் மீட்டருக்கு 50 மீட்டருக்கு மேல் அகலமான காட்சி கிடைக்கும். புல்வெளிச் சரிவில் வரையாடு தேட அருமை. நீலகிரியிலும் வால்பாறையிலும் காலைக் குளிரில் எதிர்ச்சரிவை அலசுவது, யோசித்துப் பார்த்தால், அந்த அமெரிக்க வேட்டைக்காரரின் வேலையேதான். துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான். அங்கே காற்றும் ஒத்துழைக்கும்.

25 மடங்கில் 2 மி.மீ. ஒளிவட்டம் என்பது இதன் எல்லை. செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் 7–22×50 போன்ற ஈடி மாடல்கள் அந்த எல்லையை மீறாமல் 22-இல் நிறுத்திக்கொள்கின்றன, அது நேர்மையான வடிவமைப்பு. ஆனால் அதன் விலையில் ஈடி இல்லாத 65 கிடைத்துவிடும் என்பதால் எடைதான் முதல் கவலை என்பவருக்கே இது பொருந்தும். கடலில் தூரத்தில் பறக்கும் ஆலா, கடற்காகங்களுக்கு இது போதாது.

எடை குறைந்ததற்காக மொபைலுக்கு விற்கும் மெல்லிய ட்ரைபாடில் இதை மாட்டுவார்கள். கடற்காற்றில் 50 மி.மீ.யும் 80 மி.மீ. அளவுக்கே ஆடும். 1.3 கிலோவுக்குக் குறைந்த ட்ரைபாட் வேண்டாம்.

## 70 மி.மீ. வானியல் தொலைநோக்கி

பணம் பத்தாயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது என்றால் இதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. செலஸ்ட்ரான் ட்ராவல் ஸ்கோப் 70 என்பது 400 மி.மீ. குவியத்தூரம் உள்ள சிறிய லென்ஸ் தொலைநோக்கி. 20 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் கூட வரும்; முதலாவது 20 மடங்கு, இரண்டாவது 40. படத்தை நேராகக் காட்டும் 45 பாகைப் பட்டகமும் பெட்டியிலேயே இருக்கிறது. 20 மடங்கில் படம் நன்றாகவே இருக்கும்.

கூட வரும் ஸ்டாண்டைத் தூக்கி எறிந்துவிடலாம். குவியம் திருகினாலே படம் இரண்டு விநாடி ஆடும். உண்மையான விலை என்பது தொலைநோக்கி விலையும் ஒரு நல்ல ட்ரைபாட் விலையும் சேர்ந்தது. மழைத்தூறலும் கடல் ஈரமும் பல்லிணைக் குவிப்பான் வழியே உள்ளே போகும். இரண்டு பருவமழை கடந்தால் லென்ஸ் உட்புறத்தைத் துடைக்க வேண்டியிருக்கும். நல்லவேளை, அதை வீட்டிலேயே கழற்றலாம். அடைத்த ஸ்கோப்பில் அது முடியாது. பள்ளி இயற்கை மன்றத்துக்கு, மொட்டைமாடியில் நிலவும் ஏரிக்கரையில் கூழைக்கடாவும் காட்ட, இதைவிட நல்ல தொடக்கம் இந்த விலையில் இல்லை.

ஆடியும் லென்ஸும் சேர்ந்த 90 மி.மீ. மக்சுடோவ் வகை வானியல் தொலைநோக்கி இதே வாதத்தோடு விற்கப்படும். அதை வாங்க வேண்டாம். குவியத்தூரம் சுமார் 1250 மி.மீ.; 32 மி.மீ. ஐபீஸ் போட்டாலே 39 மடங்கு. அலசித் தேடத் தாழ்ந்த பெருக்கம் கிடையாது. நட்சத்திரம் பார்க்கும் பட்டகத்தில் படம் இடவலம் மாறித் தெரியும். பறவை இடப்பக்கம் போனால் நாம் வலப்பக்கம் திருப்புவோம்.

## ஜூம் கேமரா

நிக்கான் பி950-இன் 2000 மி.மீ.க்குச் சமமான ஜூம் என்பது 40 மடங்குப் பெருக்கத்துக்கு ஒப்பு. பி1000 அதை 3000-க்குக் கொண்டுபோகும், எடை 1.4 கிலோ. பி950-இன் உண்மைக் குவியத்தூரம் 357 மி.மீ., எஃப் எண் 6.5; முன்னதைப் பின்னதால் வகுத்தால் 55, அதாவது 55 மி.மீ. அகல லென்ஸ் வழியே பார்க்கிறோம். கணக்குப்படி அது ஒரு சிறு ஸ்கோப். கையில் பிடித்தே படமெடுக்கலாம், பதிவோடு ஆதாரமும் கிடைக்கும். அரிய பறவையைப் பட்டியலில் ஏற்றப் படம் கேட்கும் காலத்தில் இது பெரிய விஷயம்.

ஆனால் பார்ப்பது வேறு, படமெடுப்பது வேறு. இருநூறு உள்ளான்களில் ஒன்று மட்டும் வேறு வகை என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் கூட்டத்தை இடமிருந்து வலமாக அலச வேண்டும். மின்திரை வழியே அதைச் செய்தால் கண் களைக்கும், பேட்டரி தீரும்; கானலில் தானியங்கிக் குவியம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். சென்சார் 1/2.3 அங்குலம், மொபைல் அளவுக்குச் சின்னது. மங்கிய வெளிச்சத்தில் இறகு விவரம் குழம்பிவிடும். சரணாலயங்களில் கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. விலையும் நாம் வகுத்த நாற்பதாயிரத்துக்குள் அடங்காது.

பழவேற்காட்டில் படகில் போய்ப் பூநாரை பார்ப்பவருக்கு மட்டும் கேமராதான் வெல்லும். அசையும் படகில் ட்ரைபாட் ஸ்கோப்புக்கு வேலையே இல்லை. எந்த அளவு ஸ்கோப்பானாலும் அதே கதிதான்.

ஏற்கெனவே ஸ்கோப் இருந்தால் மொபைலை ஐபீஸில் மாட்டும் அடாப்டர் ஆயிரம், இரண்டாயிரத்தில் வரும். மொபைலின் முதன்மை கேமராவையே ஐபீஸ் மையத்துக்குக் கொண்டுவர வேண்டும், அகலக் கோணத்தை அல்ல. ஸ்கோப்பை 20–25 மடங்கில் வைத்து, மொபைலில் இருமடங்கு ஜூம் செய்தால் ஓரக் கருவட்டம் மறையும். பொத்தானைத் தொடாமல் இரண்டு விநாடி டைமரில் எடுக்கலாம். வீடியோவாக எடுத்து அதிலிருந்து தெளிவான ஒரு சட்டகத்தைப் பிரிப்பது கானல் நேரத்தில் இன்னும் மேல்.

## ட்ரைபாட்: பட்ஜெட்டின் மூன்றில் ஒரு பங்கு

நாற்பதாயிரத்தில் ஸ்கோப்புக்கு இருபத்தைந்தாயிரம், ட்ரைபாடுக்கும் ஹெட்டுக்கும் பன்னிரண்டாயிரம், மீதி பெட்டிக்கும் மழை உறைக்கும். இந்தப் பங்கீட்டைக் கேட்டால் பலர் முகம் சுளிப்பார்கள். மூவாயிரம் ரூபாய் ட்ரைபாடில் நிற்கும் நாற்பதாயிரம் ரூபாய் ஸ்கோப், பன்னிரண்டாயிரம் ரூபாய் ட்ரைபாடில் நிற்கும் இருபதாயிரம் ரூபாய் ஸ்கோப்பிடம் தோற்கும். 40 மடங்கு ஸ்கோப் ஆட்டத்தையும் 40 மடங்காகக் காட்டும்.

நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை மட்டும் நீட்டியே ஐபீஸ் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். நடுத்தண்டைத் தூக்கினால் மூன்று கால் ட்ரைபாட் ஒற்றைக்கால் ஆகிவிடும். ஹெட் எண்ணெய் நிரப்பிய வீடியோ வகையாக, ஒரே கைப்பிடியோடு இருக்கட்டும். பந்து வகை ஹெட் புகைப்படத்துக்கு நல்லது; ஸ்கோப்பில் பூட்டைத் தளர்த்தியதும் முன்பாரம் இழுத்துக் கவிழ்ந்துவிடும். குறிபார்த்துப் பூட்டியதும் படம் கீழே இறங்கினால் அந்த ஹெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கால் பூட்டு திருகு வகையா, மடக்கு வகையா என்பதில் நம் கடற்கரைக்கு மடக்கு வகையே மேல். திருகுப் பூட்டுக்குள் மணல் புகுந்தால் நறநறவென்று அரைக்கும், முழுக்கக் கழற்றிக் கழுவ வேண்டும். உப்புச்சேற்றில் இறக்கிய கால்களை அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடி காயவைக்க வேண்டும். தனுஷ்கோடிக் காற்றில் நடுத்தண்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடுவார்கள். பை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அந்தரத்தில் ஆடினால் ஸ்கோப்பும் ஆடும். பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று பார்க்கிறவர்கள், லாரி போகும்போது படம் அதிர்வதைப் பார்த்து ஸ்கோப்பைச் சந்தேகிக்க வேண்டாம். நடைபாதையை விட்டு மண்தரையில் இறக்கி வைத்தால் பாதி சரியாகும்.

## கடையில் நின்று செய்ய வேண்டிய சோதனைகள்

கடைக்கு உள்ளே பார்த்தால் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் இருக்கும். வாசலுக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளி இருக்கும் பெயர்ப்பலகையில் சின்ன எழுத்தைப் பார்த்துக் குவியம் திருகினால், ஒரு புள்ளியில் டக்கென்று கூர்மையாகி, தாண்டியதும் மங்க வேண்டும். ‘இதுவா, அதுவா’ என்று முன்னும் பின்னும் தேடவைத்தால் அது சுமாரான லென்ஸ். தாழ்ந்த பெருக்கத்தில் குவித்துவிட்டு உச்சத்துக்குத் திருகும்போது கொஞ்சம் திருத்த வேண்டியிருப்பது சகஜம். முக்கால் சுற்றுத் திருத்த வேண்டியிருந்தால் வேண்டாம். கொடியில் காயும் வெள்ளைத் துணியோ வெள்ளை மின்கம்பப் பீங்கானோ வானத்துக்கு எதிரே இருந்தால் விளிம்பு நிறத்தை அங்கே பார்க்கலாம். மையத்தில் நிறம் தெரிந்தால் கவலை, ஓரத்தில் மட்டும் தெரிந்தால் இந்த விலைக்குப் பரவாயில்லை.

லென்ஸ் முழுவதும் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்கலாம். இருட்டான மூலையில், மொபைல் டார்ச்சை ஐபீஸுக்கு ஒரு சாண் பின்னால் பிடித்து, முன் லென்ஸின் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்தால் ஒளிவட்டம் விழும். அதன் விட்டம் லென்ஸின் விட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். 80 என்று எழுதியதில் 62 மி.மீ. வட்டம்தான் விழுகிறது என்றால் உள்ளே தடுப்பு வைத்துக் குறையை மறைத்திருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ‘40×60’ என்று விற்கும் ஒற்றைக்கண் குழாய்களை இந்தச் சோதனைக்குக்கூட எடுக்க வேண்டாம்; அவற்றின் உண்மைப் பெருக்கம் பெரும்பாலும் பத்தைச் சுற்றியே இருக்கும்.

விற்பனைக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கும் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து தெரிந்தவர் வழியாக வரவழைத்தால் சில ஆயிரம் மிச்சமாகலாம், ஆனால் இந்திய வாரண்டி இருக்காது. அடைத்த ஸ்கோப்பை உள்ளூரில் திறந்தால் நைட்ரஜன் போய்விடும், அடைப்பும் போய்விடும். பிறகு அது மழை தாங்காத ஸ்கோப்.

## வாங்கியபின் பூஞ்சைக்குக் கொடுக்கும் வரி

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி வீடுகளில் பெரும்பாலான மாதங்கள் அப்படித்தான். ஸ்கோப்போடு வரும் துணிப்பை நடக்கும்போது பாதுகாப்பு. அலமாரியில் அதுவே ஈரம் பிடித்துவைக்கும் பஞ்சு. ரப்பர் விளிம்புள்ள பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதில் நூறு கிராம் சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்கு ஓர் ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால், சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் பரப்பி, அடுப்பிலோ அவனிலோ 110–120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அரிசி டப்பாவுக்குள் போட்டுவைக்கும் பழக்கம் வேண்டாம். அரிசி ஈரத்தை மிகக் குறைவாகவே இழுக்கும், தவிட்டுத் தூசியைத் தாராளமாகக் கொடுக்கும்.

ஏசி காரிலிருந்து இறக்கிய ஸ்கோப்பின் மேல் ஆவி படியும். அதைத் துடைக்காமல் பத்து நிமிடம் விட்டால் தானே போகும். உட்புறமாகப் படிந்து அரை மணி ஆகியும் போகவில்லை என்றால் அடைப்பு கசிகிறது. வாரண்டிக் காலத்துக்குள் அனுப்பிவிடுவது நல்லது.

## இடத்தைப் பொறுத்து மாறும் விடை

வேடந்தாங்கலுக்கு மட்டும் போகிறவர் எதுவும் வாங்க வேண்டாம். ஏரி சிறியது, கரையிலிருந்தே நத்தை குத்தி நாரையும் கரண்டிவாயனும் 10×42-இல் கண்ணெதிரே வந்து நிற்கும். அந்தப் பணத்தில் பைனாகுலரை மேம்படுத்திக்கொள்ளலாம்.

கோடியக்கரை, தனுஷ்கோடி, பள்ளிக்கரணை என்று கால்நடையாகவும் பேருந்திலும் போகிறவருக்கு ஈடி 65, சாய்வு. கிழக்குக் கரையில் காலையில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கரும் நிழல். காலையில் கடலுக்கு முதுகு காட்டிக் காயல் பக்கமும், நாலரை மணிக்கு மேல் கடல் பக்கமும் பார்க்கலாம். இரண்டு, மூன்று மீட்டர் உயரமான கரைமேல் ஏறி நின்றால் தரையை ஒட்டிய சூட்டுக் காற்று பார்வைக்குக் கீழே தங்கிவிடும்; அந்த ஏற்றத்துக்கு 80 மி.மீ. லென்ஸைவிடப் பலன் அதிகம், செலவும் இல்லை.

நெல்லைக் குளங்களில் காரை நிறுத்திவிட்டுக் கரையில் உட்கார்ந்து வரித்தலை வாத்தின் கழுத்துப்பட்டை எண்ணைப் படிக்க நினைப்பவருக்கு 80. மலைக்கு 50. பள்ளிக்கூடத்துக்கு 70 மி.மீ. வானியல் தொலைநோக்கி, தனியாக வாங்கிய ட்ரைபாடோடு.

பணம் ஒரே தடவையாகக் கைக்கு வராது என்றால் முதலில் ட்ரைபாடையும் ஹெட்டையும் வாங்கிவிடலாம். பைனாகுலரின் நடு அச்சில் திருகும் அடாப்டர் சில நூறு ரூபாய்தான். 10×42-ஐ அதன் மேல் பூட்டிப் பார்த்தால், கைநடுக்கம் போனதும் இதுவரை தெரியாத விவரம் தெரியும். பட்டாணி உப்புக்கொத்தியின் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையம் நூறு மீட்டருக்குள் அதிலேயே அகப்படும். ஆறு மாதம் கழித்து ஸ்கோப் வாங்கும்போது அதே ட்ரைபாட் அப்படியே பொருந்தும்.